அடுத்தது வரட்டும்

எங்கள் தெருவில் கம்ப்யூட்டரைப் பற்றி முதன்முதலில் பேசியவர் அவர். அது கடைசியாக வந்து சேர்ந்ததும் அவர் வீட்டுக்குத்தான். அதுவும் அவர் வாங்கி வந்ததில்லை.

கல்யாணமாகி நான் திருவொற்றியூருக்கு வந்தபோது எனக்கு அங்கே யாரையும் தெரியாது. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவள். என் வீட்டுக்காரர் தேரடிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருந்தார். நான் சொல்லும் இவர் எதிர்வீட்டுக்காரர். எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன். ஒல்லியாக, நெடுநெடுவென்று இருப்பார். சட்டைப்பையில் ஒரு டெஸ்டர், அக்குளில் சுருட்டிய ஒரு பத்திரிகை. டெஸ்டர் கம்பெனி வேலைக்கு, பத்திரிகை சொந்த வேலைக்கு. பழைய புத்தகக் கடைகளில் பொறுக்கி எடுத்த ஆங்கிலக் கம்ப்யூட்டர் பத்திரிகைகள் அவை. பாதிக்கு அட்டை இருக்காது. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்து வரிவரியாகப் படிப்பார். படித்ததை மறுநாள் காலைக்குள் டீக்கடையில் சொல்லியாக வேண்டும்.

அவர் சொல்வதைக் கேட்க எப்போதும் ஆள் இருந்தது. மீன் விற்றுவிட்டுத் திரும்பும் பெண்கள்கூடக் கூடையை இறக்கிவைத்துவிட்டு நிற்பார்கள். முதலில் வந்த கம்ப்யூட்டர் ஒரு கூடம் கொள்ளாத அளவு பெரியது, அதற்குள் பல்பு மாதிரி கண்ணாடிக் குழாய்கள் வரிசை வரிசையாக இருந்தன, ஒன்று அணைந்தாலும் கணக்கு நின்றுபோகும், அதை மாற்றுவதற்கென்றே ஆள் சுற்றிக்கொண்டிருப்பான் என்பார். அந்தக் குழாய் செய்த வேலையைச் செய்ய ஒரு பட்டாணி அளவு சாமான் வந்தது. டிரான்சிஸ்டர் ரேடியோவில் இருக்கிறதே, அதுதான். அப்புறம் அந்தப் பட்டாணியை ஆயிரக்கணக்கில் ஒரு விரல் நகத்துக்குள் அடக்கிவிட்டார்கள். இதைச் சொல்லும்போது தன் சுண்டுவிரலை நீட்டிக் காட்டுவார். அட்டையில் ஓட்டை போட்டுக் கம்ப்யூட்டருக்குச் சேதி சொன்ன காலத்தை விளக்க, யாரிடமாவது ஓட்டை போட்ட பஸ் டிக்கெட் ஒன்றை வாங்கி வெயிலுக்கு நேரே பிடிப்பார். வெளிச்சம் வந்தால் ஒரு சேதி, வராவிட்டால் இன்னொரு சேதி, அவ்வளவுதான் விஷயம் என்பார். அன்றைக்கு அங்கே நின்றிருந்தவர்களுக்கெல்லாம் கம்ப்யூட்டர் புரிந்துபோனது.

நான் கல்யாணத்துக்கு முன்பு ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் எழுத்துக் கோக்கும் வேலை பார்த்தவள். ஒரு டிடிபி கடை வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு, கோயில் நோட்டீஸ் என்று அந்தப் பக்கத்தில் வேலைக்குப் பஞ்சமில்லை. என் வீட்டுக்காரரும் சரியென்றார். என்ன வாங்குவது என்று கேட்கத் தெருவில் வேறு யார் இருந்தார்கள்? எதிர்வீட்டுக்குப் போனேன்.

ஒரு மணி நேரம் எனக்கு வகுப்பு நடந்தது. கடைசியில், "இப்ப வாங்காத தங்கச்சி. அடுத்தது வரட்டும்" என்றார். இப்போது விற்கிற மாடலைவிட வேகமானது மூன்று மாதத்தில் வரப்போகிறது, அது வந்ததும் இது பாதி விலைக்குப் போகும் என்றார். பத்திரிகையில் படத்தையும் காட்டினார். நியாயமாகத்தான் பட்டது. காத்திருந்தேன்.

புதியது வந்தது. நான் போய் நின்றேன். அவர் முகம் மலர்ந்திருந்தது. இதற்கும் அடுத்தது ஒன்று தயாராகிறதாம். அதில் படம் ஓடுமாம். பொங்கல் போனது, சித்திரை போனது, ஆடித் தள்ளுபடியும் போனது. என் வீட்டுக்காரர் கடைக்கென்று ஒதுக்கிய மாடி அறையில் பிளாஸ்டிக் குடங்களை அடுக்க ஆரம்பித்தார். ஒருநாள் ஒரு குடத்தை எடுக்கப்போய் எல்லாம் என் தலையில் சரிந்தன. அன்றைக்கே போய்ச் சொன்னேன்: "அண்ணே, நான் நாளைக்கு வாங்கப் போறேன். எது வந்தாலும் வரட்டும்."

கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் லீவு போட்டுவிட்டு என்னோடு ரிச்சி தெருவுக்கு வந்தார். ஒவ்வொரு பாகத்தையும் கடைக்காரரிடம் பேர் சொல்லிக் கேட்டு, வாங்கி, மூக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். மானிட்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு எங்கள் மாடிப்படி ஏறியவரும் அவர்தான். மாடிக்குத் தனியாக வயர் இழுத்து, தோட்டத்தில் குழி தோண்டி எர்த் கொடுத்தார். எல்லாம் முடிந்து நான் சுவிட்சைப் போட்டதும், பெற்ற பிள்ளை எழுந்து நடந்ததைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

அதன்பிறகு ஷிப்ட் முடிந்து வந்தால் ஒரு நடை என் கடைக்கு வராமல் இருக்கமாட்டார். என் நாற்காலிக்குப் பின்னால் நின்றபடி திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டாலும் உட்காரமாட்டார். நின்றால்தான் நன்றாகத் தெரிகிறது என்பார்.

ஒருநாள் ஒரு பெரிய கல்யாணப் பத்திரிகை வேலை. மாப்பிள்ளை வீட்டில் மூன்று தலைமுறை உறவுக்காரர்களின் பெயரையும் போடச் சொல்லியிருந்தார்கள். பாதிக்கு மேல் அடித்துவிட்டு, அவரைக் கடையில் நிற்கச் சொல்லிவிட்டுப் பால் வாங்கப் போனேன். திரும்பி வரும்போது தெருமுனையில் அவர் எதிரே ஓடிவருகிறார். லுங்கி ஒரு பக்கம் அவிழ்ந்து தொங்குகிறது.

"ஓடியா தங்கச்சி. கரண்ட் பூட்ச்சி. உன் மெஷின் கத்திகினே கீது."

நாங்கள் ஓடிப்போவதற்குள் யூபிஎஸ்ஸில் இருந்த மின்சாரமும் தீர்ந்து, திரை இருண்டுவிட்டது. நான் அடித்ததைச் சேமித்து வைக்காமல் போயிருந்தேன். மூன்று தலைமுறையும் போனது. அணைப்பதற்கு முன்னால் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியும். எந்தப் பட்டனை எந்த வரிசையில் அழுத்துவது என்று எனக்கே ஒருமுறை சொன்னவர். ஏன் செய்யவில்லை என்று கேட்டேன். உன் பொருள், நான் தொட்டால் நன்றாக இருக்காது என்றார். பிறகு பழியைக் கழிக்கிறவர்போல, கையெழுத்துத் தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராக உரக்கப் படித்தார், நான் மறுபடி அடித்து முடிக்கிறவரை. நடுவே ஒரு சித்தப்பா இரண்டு முறை வருவதையும் கண்டுபிடித்தார்.

இதிலிருந்து அவரைப் பயந்த சுபாவம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. நகர்கிற கும்மிடிப்பூண்டி ரயிலில் ஓடித் தொற்றிக்கொள்வார். ஒரு மழைக்காலத்தில் தெருமுனை மின்சாரப் பெட்டியிலிருந்து தீப்பொறி கொட்டியது. முழங்கால் அளவு தண்ணீர். எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டபோது இவர் ஒரு காய்ந்த மரக்கட்டையோடு போய், ஒரு ஸ்டூலின் மேல் ஏறி நின்று, என்னவோ தட்டி அதை அடக்கினார். மல்லிகா அக்கா, அவர் மனைவி, வாசலில் நின்று திட்டிக்கொண்டிருந்தாள். வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறவள். குரலும் அவளுடைய தையல் மிஷின் மாதிரி நிற்காமல் ஓடும். தன்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட, காபி ஆறுவதற்குள் சரி சொல்லிவிட்டார் என்பாள். எல்லாவற்றிலும் அவசரம். இந்தக் கம்ப்யூட்டரில் மட்டும் அப்படியொரு பொறுமை.

இரண்டாயிரம் பிறக்கும் சமயத்தில் அவருக்குத் தெருவில் பெரிய கிராக்கி. உலகத்தில் உள்ள கம்ப்யூட்டரெல்லாம் அன்றைக்குக் கெட்டுப்போய் ரயில் நின்றுவிடும், பேங்கில் போட்டது போய்விடும் என்று பேச்சு. அந்தக் காலத்தில் கம்ப்யூட்டருக்குள் இடம் தங்கம் விலை, அதனால் வருஷத்தை எழுதும்போது முன்னால் உள்ள பத்தொன்பதை விட்டுவிட்டுப் பின்னால் உள்ள இரண்டு எண்ணை மட்டும் எழுதி மிச்சம் பிடித்தார்கள், இப்போது பூஜ்யம் பூஜ்யம் வந்தால் அது ஆயிரத்துத் தொள்ளாயிரமா இரண்டாயிரமா என்று மெஷின் முழிக்கும், அவ்வளவுதான் என்று டீக்கடையில் விளக்கினார். புத்தாண்டு அன்று காலை பல்கூட விளக்காமல் என் கடைக்கு வந்து நின்றார். நான் சுவிட்சைப் போட்டேன். எப்போதும்போல் வந்தது. அவர் முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம்தான் தெரிந்தது.

இதற்குள் எங்கள் தெருவில் எட்டுப் பத்து வீடுகளில் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. எல்லாம் அவர் யோசனை கேட்டு வாங்கியவை. அதாவது அவரிடம் யோசனை கேட்டு, அவர் அடுத்தது வரட்டும் என்று சொல்ல, அதைக் கேட்காமல் வாங்கியவை. வாங்குகிற அன்றைக்கு அவர்தான் கூடப் போவார், அவர்தான் தூக்கி வருவார். அவர் வீட்டில் மட்டும் இல்லை.

அப்புறம் அவர் மகள் ரேவதி கல்லூரியில் சேர்ந்தாள். படிப்பதே கம்ப்யூட்டர் படிப்பு. மத்தியானத்தில் என் கடை மெஷினை விட்டுக்கொடுப்பேன். கல்யாண சீசனில் அதுவும் முடியாமல் போகும். அவள் கூடப் படித்தவர்களுக்கெல்லாம் வீட்டில் இருந்தது. ரேவதி கேட்டாள். புதுசு வந்து இப்போதுதான் ஆறு மாதம் ஆகிறது, இன்னும் விலை இறங்கவில்லை என்றார். அடுத்த பருவத்தில் கேட்டாள். இதற்கு மேல் ஒன்று வருகிறது என்றார். அந்தப் பெண் மூன்றாவது தடவை கேட்கவில்லை. பாடத்தை நோட்டில் எழுதிப் பார்த்துக்கொண்டது. திரையே இல்லாமல் தாளில் நிரல் எழுதி, அது ஓடினால் என்ன வரும் என்று பக்கத்தில் தானே எழுதியிருந்தது. அதை ஒருநாள் மல்லிகா அக்கா பார்த்துவிட்டாள்.

நேரே என் கடைக்கு வந்தாள். கழுத்தில் இஞ்சு டேப் தொங்கிக்கொண்டிருந்தது.

"சீட்டு எடுத்துட்டேன். நாளிக்கு அவரு காலை ஷிப்ட். நீ எங்கூட வா, போயி வாங்கினு வந்துடலாம். அவரு காதுல வுயக்கூடாது."

அவரிடம் சொல்லாமல் வாங்குவது சரியில்லை என்றேன். சொன்னால் பாடம்தான் நடக்கும், பொருள் வராது என்றாள்.

ரிச்சி தெருவில் அக்காவோடு போனது என் வாழ்நாளில் மறக்க முடியாத நாள். மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்கிறவள், கம்ப்யூட்டர் பெட்டியையும் திறந்துகாட்டு என்றாள். கடைக்காரப் பையன் சிரித்துக்கொண்டே திறந்தான். உள்ளே குனிந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இத்தினி காலி எடமா கீதே, எங்க மத்த சாமான்லாம்?" என்றாள். இவ்வளவுதான் இருக்கும் என்று நான் சொல்லியும் அவளுக்குச் சந்தேகம் போகவில்லை. கூடம் கொள்ளாத மெஷின் கதையைப் பல வருஷம் கேட்டவள் அல்லவா. திரும்பும்போது ஆட்டோவில் மானிட்டரை மடியில் வைத்து, வழியெல்லாம் முந்தானையால் மூடிக்கொண்டு வந்தாள். தையல் மிஷினுக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கி, ரேவதியும் நானும் மாட்டி முடித்தோம். அவர் வருகிற நேரம் ஆனதும் நான் நழுவிவிட்டேன்.

சண்டைச் சத்தம் வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். எதுவும் கேட்கவில்லை. மறுநாளும் இல்லை. அந்த வாரம் அவர் என் கடைப்பக்கமும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மல்லிகா அக்கா வந்தாள். இந்த முறை குரல் இறங்கியிருந்தது. மனுஷன் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லையாம். நல்ல பொருளாகத்தான் வாங்கியிருக்கிறாய் என்றாராம். எர்த் கொடுத்தாராம். தூசு படாமல் இருக்கப் பலகையில் பெட்டி மாதிரி செய்து வைத்தாராம். ஆனால் ஒரு தடவைகூட அதன் முன்னால் உட்காரவில்லை. ரேவதி கூப்பிட்டால் அப்புறம் என்கிறார். சாப்பாடும் சரியாக இறங்கவில்லை.

"சொல்லாம வாங்கினு வந்துட்டேனே, அதான் மன்சுல வெச்சினு கீறாரு போல. எனுக்கு பேஜாரா கீது. நீ ஒரு வார்த்த பேசிப் பாரு."

போனேன். ரேவதி தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். அவர் தரையில் உட்கார்ந்து பழைய இஸ்திரிப் பெட்டி ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தார். அக்கா மேல் கோபமா என்று நேராகவே கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினார். அவள் செய்தது நல்ல வேலை, நானாக இருந்தால் இந்த ஜன்மத்தில் வாங்கியிருக்கமாட்டேன் என்றார். பிறகு ஏன் தொடவில்லை என்று கேட்டேன்.

ஸ்குரூவை ஒவ்வொன்றாக ஒரு மூடிக்குள் போட்டார். அப்புறம் சொன்னார்.

அவருடைய தொழிற்சாலைக்கு முதல் கம்ப்யூட்டர் வந்த புதிதில் அதற்கு ஒரு குளிர்சாதன அறை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். அங்கே ஒரு விளக்கு எரியவில்லை என்று இவரைக் கூப்பிட்டார்கள். ஏணியிலிருந்து இறங்கியபோது அறையில் ஆள் இல்லை. திரையில் பச்சை எழுத்து வரிசையாக நின்றது. ஆசைதான். ஒரு விரலால் ஒரே ஒரு பட்டன். எல்லாம் போய்விட்டது. அந்த மாதத்துச் சம்பளக் கணக்கு. அதிகாரி ஷெட்டுக்கு நடுவே நிற்கவைத்து, வயர் பிடிக்கிற கைக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டார். அத்தனை பேருக்கும் சம்பளம் தள்ளிப்போனது. கூட வேலை செய்தவர்கள் யாரும் திட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது என்றார்.

"முழுசா தெரிஞ்சிக்கினு அப்புறமா தொடலாம்னு பாத்தேன் தங்கச்சி. மொத மெஷின்லேர்ந்து படிச்சேன். அது எங்க நிக்கிது? நான் ஒண்ண படிச்சி முடிக்கறதுக்குள்ள இன்னொண்ணு வந்துடுது."

மின்சாரப் பெட்டியை மரக்கட்டையால் அடக்கியவர். எழுந்துபோய்க் கம்ப்யூட்டரைப் போட்டேன்.

டீக்கடையில் சொல்வீர்களே அதைச் சொல்லுங்கள், நான் அடிக்கிறேன் என்றேன். கொஞ்சம் பிகு செய்துகொண்டார். பிறகு கண்ணாடிக் குழாயில் ஆரம்பித்தார். ஆரம்பித்த பிறகு அவரை நிறுத்துவது கஷ்டம். பட்டாணிக்கு வந்து, விரல் நகத்துக்கு வருவதற்குள் ஒரு பக்கம் நிறைந்துவிட்டது. தான் சொன்னது அச்சு எழுத்தில் நிற்பதைப் பார்த்து, தன்னை அறியாமலே ஒரு முழம் கிட்டே வந்திருந்தார்.

நான் எழுந்து அவரை உட்கார வைத்தேன். பக்கம் முழுவதையும் தேர்ந்தெடுத்துக் காட்டினேன். எழுத்தெல்லாம் கறுப்புப் பட்டைக்குள் போனது.

"இப்ப அழிங்கண்ணே."

"ஏன்? நல்லாதான கீது."

"அழிங்க. நான் சொல்றேன்ல."

ஒரு விரலை நீட்டினார். விரல் பட்டனுக்கு மேலே அந்தரத்தில் நின்றது. அக்கா சமையலறை வாசலுக்கு வந்துவிட்டாள். அழுத்தினார். திரை வெள்ளையானது. கையைச் சூடு பட்டதுபோல் இழுத்து மடிக்குள் வைத்துக்கொண்டார்.

நான் அந்தக் கையை எடுத்து, ஒரு விரலைக் கன்ட்ரோல் மேலும் இன்னொன்றை இசட் மேலும் வைத்து, ரெண்டையும் சேர்த்து அழுத்துங்கள் என்றேன்.

கண்ணாடிக் குழாய் திரும்பி வந்தது. பட்டாணி வந்தது. ஒரு புள்ளிகூடக் குறையவில்லை.

அவர் என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். மறுபடி தானே அழித்தார். தானே கொண்டுவந்தார். அழித்தார், கொண்டுவந்தார். முதலில் மூச்சுதான் சத்தமாக வந்தது. பிறகு சிரிப்பு. தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார்.

"இத மொதல்ல கண்டுபுடிச்சவன் யாரு?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை என்றேன்.

"எனுக்கும் தெரியாது" என்றார். இவ்வளவு சந்தோஷமாக ஒருவர் தெரியாது என்று சொல்லி நான் கேட்டதில்லை. "அவ்ளோ புக்கு படிச்சேன். ஒருத்தனும் இத்த எனுக்கு கண்ணுல காட்டல."

அக்கா மூன்று டம்ளரில் டீ கொண்டுவந்து வைத்தாள். இவ்வளவு நேரம் என்ன கூத்து, நானும் ஒரு தரம் அழுத்திப் பார்க்கிறேன் என்று கையைப் புடவையில் துடைத்தாள். அவர் நகர்ந்து இடம் விட்டு, எதை அழுத்துவது என்று காட்டினார். அவள் அழுத்தினாள். பக்கம் காலியானது. அவளுக்குத் திக்கென்றது முகத்திலேயே தெரிந்தது. சீக்கிரம் கொண்டுவாய்யா என்று அவர் தோளைத் தட்டினாள்.

அவர் டம்ளரை எடுத்துக்கொண்டு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்தார்.

"இரு. கொஞ்ச நேரம் வெள்ளையாவே கெடக்கட்டும். எங்க பூடப்போவுது?"

அந்தக் காலித் திரையைப் பார்த்துக்கொண்டே நாங்கள் மூன்று பேரும் டீ குடித்தோம்.